53 வயது அப்பாவிடம் ரிசைன் லெட்டர் கேட்கிறார்கள்: கையெழுத்துப் போடலாமா?

கெடிலக்கரை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். அப்பா புதுச்சேரி கிருமாம்பாக்கம் பக்கம் ஒரு தனியார் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். பெர்மனென்ட், 22 வருட சர்வீஸ். வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில், முள்ளோடை எல்லை தாண்டி தினமும் போய்வருகிறார்.

போன வாரம் எச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டு, "அம்பது தாண்டினவங்களை எல்லாம் விடுவிக்கிறோம், புது மெஷினுக்கு சின்னப் பசங்கதான் சரிப்படுவாங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். ராஜினாமா கடிதத்தை அவர்களே அடித்து வைத்திருக்கிறார்கள், கீழே பெயர்தான் பாக்கி. கையெழுத்துப் போட்டால் கிராஜுவிட்டியோடு ஒரு லட்சம் கூடுதலாகத் தருவார்களாம். போடாவிட்டால் "வேற மாதிரி போக வேண்டியிருக்கும்" என்று ஒரு வார்த்தை. அப்பாவோடு சேர்த்து எட்டுப் பேர் அந்த லிஸ்டில். ஐந்து பேர் போட்டுவிட்டார்கள். அப்பாவுக்குத் திங்கட்கிழமை வரை அவகாசம்.

வயதைக் காரணம் காட்டி வேலையை விட்டு அனுப்பக்கூடாது என்று நம் நாட்டில் சட்டம் இருக்கிறதா? தம்பி காலேஜ் இரண்டாம் வருடம். அப்பா நான்கு நாளாக வீட்டில் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

அரியாங்குப்பம் ஷிப்ட்

தங்கச்சி, மத்ததெல்லாம் அப்புறம். கையெழுத்து போட வேணாம்னு அப்பாகிட்ட இப்பவே சொல்லுங்க. திங்கட்கிழமைங்கிறது அவங்க வச்ச கெடு, சட்டம் வச்ச கெடு இல்ல. "வீட்ல கலந்துட்டு சொல்றேன், என்ன வேணும்னாலும் எழுத்துல குடுங்க"ன்னு மட்டும் சொல்லட்டும். குரலை உயர்த்த வேணாம். டியூட்டிக்கு ஒரு நாள் கூட லீவு போடாம போகச் சொல்லுங்க. இந்த நேரத்துல லீவு போட்டா "வேலையை விட்டு ஓடிட்டார்"னு எழுதிருவாங்க. பக்கத்து கம்பெனில அதைத்தான் பண்ணாங்க.

ஓய்வுபெற்ற எழுத்தர்

தொழிலாளர் துறையில் நெடுங்காலம் கோப்புகளோடு இருந்தவன். தங்கை கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறேன்: இல்லை. தனியார் வேலையில் வயதைக் காரணமாக வைத்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்று சொல்லும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை.

அரசியலமைப்பின் 15, 16-ஆவது பிரிவுகளில் மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் எல்லாம் வருகின்றன. வயது வரவில்லை. 14-ஆவது பிரிவு எல்லோருக்கும் சமத்துவம் என்கிறது. ஆனால் அது அரசைக் கட்டுப்படுத்தும், தனியார் முதலாளியை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. 41-ஆவது பிரிவில் முதுமை என்ற வார்த்தையே இருக்கிறது. அது வழிகாட்டும் நெறி, அதை வைத்து நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியாது.

தனியார் முதலாளியிடம் "இந்தக் காரணத்துக்காக ஒருவரை ஒதுக்காதே" என்று சொல்ல நம் நாடாளுமன்றத்துக்குத் தெரியாமல் இல்லை. எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களுக்கு 2017-இல் சொன்னது. திருநர்களுக்கு 2019-இல் சொன்னது. வயதுக்கு மட்டும் இன்னும் சொல்லவில்லை. இது பெரிய ஓட்டை, எனக்கு இதில் நெடுநாள் ஆதங்கம் உண்டு.

ஆனால் அப்பா விஷயத்தில் இந்த ஓட்டையைப் பார்த்துச் சோர்ந்துவிட வேண்டாம். நம் தொழிற்சட்டம் "ஏன் அனுப்பினாய்" என்பதைவிட "எப்படி அனுப்பினாய்" என்றுதான் முதலில் கேட்கும். 1947-ஆம் ஆண்டு தொழில் தகராறுச் சட்டம் ஆட்குறைப்பு என்பதற்குச் சொல்லும் பொருளைப் பாருங்கள்: ஒழுங்கு நடவடிக்கைத் தண்டனையாக இல்லாமல், எந்தக் காரணத்துக்காகவும் முதலாளி ஒரு தொழிலாளியை வேலையிலிருந்து நீக்குவது. அந்த "எந்தக் காரணத்துக்காகவும்" என்ற சொற்களை உள்ளபடியே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1976-இல் சுந்தர மணி வழக்கில் சொன்னது. நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு. 1990-இல் அரசியல் சாசன அமர்வும் அதை உறுதிசெய்தது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாகத் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. இந்த ஏற்பாடு அதிலும் தொடர்கிறது.

ஆகவே வயதுக்காக அனுப்பினார்கள் என்று அப்பா நிரூபிக்கத் தேவையே இல்லை. அவர்கள் அனுப்பினார்கள் என்பது தெரிந்தால் போதும். உடனே மற்றதெல்லாம் பின்னால் வரும்: ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்குரிய சம்பளம், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு, அரசுக்கு அறிவிப்பு. இழப்பீடு கொடுக்காமல் நீக்கினால் அந்த நீக்கமே செல்லாது என்று வாதாட இடமுண்டு.

விதிவிலக்குகளில் முதலில் நிற்பது என்ன தெரியுமா? தொழிலாளி தானாக விரும்பி விலகுவது. அந்தக் கடிதத்தில் அப்பா கையெழுத்துப் போட்ட கணத்தில், அவர்கள் செய்த காரியம் அப்பா செய்த காரியமாக மாறிவிடுகிறது. அவர்கள் ஒரு லட்சம் கொடுத்து வாங்கப் பார்ப்பது அதைத்தான்.

கெடிலக்கரை

மிக்க நன்றி ஐயா. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். இரண்டு கேள்விகள். அந்த ஒரு லட்சத்துக்கும் சட்டப்படி வர வேண்டியதற்கும் எவ்வளவு வித்தியாசம்? அப்பாவுக்கு அடிப்படையும் அகவிலையும் சேர்த்து 24,000; மொத்தம் 32,000. இன்னொன்று, நாங்கள் கடலூர், வேலை புதுச்சேரியில். எங்கே புகார் கொடுப்பது?

ஓய்வுபெற்ற எழுத்தர்

கிராஜுவிட்டி முதலில். 24,000-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆலும் 22 வருடத்தாலும் பெருக்கினால் ஏறத்தாழ 3,04,600 ரூபாய். இது எப்படி வெளியே வந்தாலும் அப்பாவின் உரிமை. ராஜினாமா செய்தாலும் உண்டு, ஆட்குறைப்பு என்றாலும் உண்டு. ஐந்து வருடம் முடித்தவருக்குச் சட்டத்தில் சொல்லியிருக்கும் சில பெரிய குற்றங்களுக்குத் தவிர அதை நிறுத்த முடியாது. வேலை முடிந்த 30 நாளுக்குள் தர வேண்டும். "கையெழுத்துப் போட்டால் கிராஜுவிட்டியோடு" என்று அவர்கள் பேசியது, ஏற்கெனவே அவருடையதை அவருக்கே விலையாகக் காட்டுவது.

ஆட்குறைப்பு இழப்பீடு தனி. வருடத்துக்கு ஏறத்தாழ அரை மாதச் சம்பளம் என்று வையுங்கள்; புதிய தொகுப்பில் சம்பளம் என்றால் பெரும்பாலும் அடிப்படையும் அகவிலையும்தான். 12,000-ஐ 22-ஆல் பெருக்கினால் 2,64,000. கூட ஒரு மாத நோட்டீஸ் சம்பளம் 24,000. புதிய சட்டத் தொகுப்பில் மறுதிறன் நிதி என்று ஒன்று வந்திருக்கிறது; ஆட்குறைப்பான ஒவ்வொருவருக்கும் கடைசியாக வாங்கிய 15 நாள் சம்பளத்துக்குச் சமமான தொகை 45 நாளுக்குள் அவர் கணக்கில் சேர வேண்டும். எல்லாம் கூட்டினால் கிராஜுவிட்டி போக மூன்று லட்சத்தை ஒட்டி வருகிறது. அவர்கள் சொல்வது ஒன்று.

எங்கே என்ற கேள்விக்கு: வேலை நடக்கும் இடம்தான் கணக்கு. கடலூரிலும் தொழிலாளர் நீதிமன்றம் இருக்கிறது, ஆனால் உங்கள் விஷயம் அங்கே வராது. புதுச்சேரி தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் போக வேண்டும். நீக்கிய பிறகு காலம் தாழ்த்தாதீர்கள். பழைய சட்டத்தில் தனிப்பட்ட தொழிலாளிக்கு மூன்று வருடம் இருந்தது, புதியதில் சமரச அலுவலர் இரண்டு வருடத்துக்கு மேற்பட்ட தகராறை எடுக்க மாட்டார்.

தட்டாஞ்சாவடி சிறுதொழில்

மாற்றுக் கருத்து சொல்வதற்கு மன்னிக்கவும். நான் ஒரு சின்ன யூனிட் நடத்துகிறேன். 32,000 சம்பளத்துக்கு இரண்டு ஐ.டி.ஐ. பையன்கள் கிடைக்கிறார்கள், இரவு ஷிப்டுக்கு முகம் சுளிக்காமல் வருகிறார்கள், கணினி வைத்த மெஷினை ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். ஆர்டர் குறைந்தால் முதலாளி என்ன செய்வது? மெஷின் மாறும்போது ஆள் மாறுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. வயதைச் சொல்லி ஒருவரை அவமானப்படுத்துவது தவறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் யாரையும் அனுப்பவே முடியாது என்று சட்டம் போட்டால், நாளைக்கு நாற்பது வயதுக்காரரை வேலைக்கு எடுக்கவே யோசிப்போம். அதையும் நினைத்துப் பாருங்கள்.

கெடிலக்கரை

ஐயா, அப்பாவுக்கு அந்த மெஷினில் ஒரு நாள் கூடப் பயிற்சி கொடுக்கவில்லை. கற்றுக்கொள்ள முடியாது என்று யாரும் சோதித்துப் பார்க்கவும் இல்லை. போன வருடம் அதே லைனுக்கு வந்த பையன்களுக்குப் பழைய மெஷின்களைச் சொல்லிக்கொடுத்தவரே அப்பாதான். பேரிங் சத்தத்தை வைத்தே எது போகப்போகிறது என்று சொல்வார். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

பாட்டாளி வீதி

சிறுதொழில் நண்பரே, நீங்கள் சொல்லும் நெருக்கடி உண்மை. ஆனால் அனுப்பவே கூடாது என்று இங்கே யாரும் சொல்லவில்லை. ஆள் அதிகம் என்றால் அனுப்ப சட்டத்தில் வழி இருக்கிறது: நோட்டீஸ் கொடுங்கள், இழப்பீடு கொடுங்கள், வரிசைப்படி அனுப்புங்கள். அந்த வரிசையைத்தான் இந்தக் கம்பெனி தாண்டிப் போகப் பார்க்கிறது.

அந்த வரிசை என்ன? ஒரே பிரிவில் வேலை செய்கிறவர்களில் கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் போக வேண்டும். பழைய சட்டத்தில் 25-ஜி, புதியதில் 71-ஆவது பிரிவு. மாற்றி அனுப்பினால் அதற்கான காரணத்தை முதலாளி எழுத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். யோசித்துப் பாருங்கள், இந்தியாவில் மூத்த தொழிலாளிக்கு இருக்கும் உண்மையான வயதுப் பாதுகாப்பு இதுதான். சட்டத்தில் வயது என்ற பேச்சே கிடையாது, ஆனால் 22 வருடம் உழைத்தவர் நேற்று வந்தவருக்கு முன்னால் வெளியே போகக்கூடாது என்கிறது. ஃபிட்டர் பிரிவில் இளையவர்களை வைத்துக்கொண்டு ஐம்பது தாண்டியவர்களை மட்டும் பொறுக்கி அனுப்பினால், அந்த லிஸ்டே நம் சாட்சி. ஒரு வருடத்துக்குள் மறுபடி ஆள் எடுத்தால் அனுப்பியவர்களுக்கு முதலில் வாய்ப்புத் தர வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது.

அதனால்தான் முதலாளிகள் ஆட்குறைப்பு என்ற சொல்லையே தொடுவதில்லை. ராஜினாமா என்று ஒரே வார்த்தையில் இந்த வரிசை, இழப்பீடு, மறுவாய்ப்பு மூன்றையும் கடந்துவிடலாம்.

தங்கையே, மொத்தம் எத்தனை தொழிலாளிகள் அங்கே?

கெடிலக்கரை

பெர்மனென்ட் 140 பேர் அளவில் என்று அப்பா சொல்கிறார். கான்ட்ராக்ட் ஆட்கள் தனி.

பாட்டாளி வீதி

அப்படியென்றால் ஒரு கசப்பான விஷயம். பழைய சட்டத்தில் 100 பேர் இருக்கும் தொழிற்சாலை ஆட்குறைப்புக்கு முன்கூட்டியே அரசின் அனுமதி வாங்க வேண்டும். புதிய தொகுப்பில் அந்த எண்ணிக்கையை 300 ஆக்கிவிட்டார்கள். உங்கள் அப்பா கம்பெனி இப்போது அந்த வரம்புக்குள் வராது. நோட்டீஸ், இழப்பீடு, வரிசை மட்டும் மிச்சம். எதற்காகச் சொல்கிறேன் என்றால், யாராவது "அனுமதி வாங்கலை, கேஸ் ஜெயிச்சிரும்" என்று பழைய நினைப்பில் சொன்னால் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

இந்த ஊரில் எதுவும் சும்மா கிடைத்ததில்லை. 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரி மில் தொழிலாளர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்து 12 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் பிரெஞ்சு ஆட்சி இங்கே 8 மணி நேர வேலைக்கு இறங்கி வந்தது. ஒவ்வொரு ஜூலையிலும் மாலை போடுகிறோம். போட்டுவிட்டு ஐம்பது வயதுக்காரரைத் தனியாக எச்.ஆர். அறைக்குள் அனுப்பிவிட்டு வெளியே நிற்கிறோம். சங்கம் இருந்தால் அப்பாவோடு ஒரு ஆளாவது உள்ளே போயிருப்பார்.

பாகூர்க்காரன்

நான் இப்போது அமெரிக்காவில், நியூ ஜெர்சியில். இங்கே நிலைமை எப்படி என்று சொன்னால் ஒப்பிட உதவும்.

1967-இல் வேலையில் வயதுப் பாகுபாட்டுக்கு எதிராகத் தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். 40 வயது முதல் பாதுகாப்பு. 20 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்குப் பொருந்தும். ஆரம்பத்தில் 65 வயது வரைதான் பாதுகாப்பு. 1978-இல் 70 ஆக்கினார்கள், 1986-இல் மேல் வரம்பையே எடுத்துவிட்டார்கள். அதனால் பெரும்பாலான வேலைகளில் கட்டாய ஓய்வு வயது என்பதே கிடையாது.

அந்தச் சட்டம் வரக் காரணம் 1965-இல் தொழிலாளர் துறைச் செயலர் விர்ட்ஸ் கொடுத்த அறிக்கை. தனியார் வேலை வாய்ப்புகளில் ஏறத்தாழ பாதி 55 வயதைத் தாண்டியவர்களுக்குக் கதவு சாத்தியிருந்தது, கால்வாசி 45-ஐத் தாண்டியவர்களுக்கே சாத்தியிருந்தது என்று அதில் எழுதினார். இப்போது வேலை விளம்பரத்திலேயே வயதைக் குறிப்பிட்டு ஆள் கேட்பது இங்கே சட்டப்படி தப்பு. நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் ஒட்டியிருக்கும் "18 முதல் 28 வயது வரை" நோட்டீஸ்களை நினைத்துப் பார்க்கிறேன்.

தங்கையின் அப்பாவுக்கு நேராகப் பொருந்துவது 1990-இல் வந்த திருத்தம். 40 வயதைத் தாண்டியவரிடம் பணம் கொடுத்து "வயதுக்காக வழக்குப் போட மாட்டேன்" என்று எழுதி வாங்கினால், யோசிக்க 21 நாள் தர வேண்டும். கூட்டமாக அனுப்பினால் 45 நாள். கையெழுத்துப் போட்ட பிறகும் 7 நாளுக்குள் மனம் மாறித் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். வக்கீலைப் பார்க்கச் சொல்லி எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கூட்டமாக அனுப்பும்போது யார் யார் போகிறார்கள், யார் இருக்கிறார்கள் என்று பதவியும் வயதும் போட்டுப் பட்டியலும் தர வேண்டும். திங்கட்கிழமைக்குள் போடு என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஒன்றையும் மறைக்கக்கூடாது. இங்கே வழக்கு ஜெயிப்பது லேசு இல்லை. வயது இல்லாவிட்டால் இந்த நீக்கம் நடந்தே இருக்காது என்று தொழிலாளிதான் காட்ட வேண்டும் என 2009-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. நீதிமன்றம் போகும் முன் சமவாய்ப்பு ஆணையத்தில் 180 நாளுக்குள், சில மாநிலங்களில் 300 நாளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். முதலாளிகள் பத்து வேறு காரணங்களை எழுதி வைத்திருப்பார்கள். "ஏன்" என்பதை நிரூபிப்பது எங்கும் கஷ்டம். அதனால் எழுத்தர் ஐயா சொன்ன "எப்படி" என்ற வழி எனக்கு ஒரு விதத்தில் பலமாகவே தெரிகிறது, வெளியே அனுப்பும்போது.

ஓய்வுபெற்ற எழுத்தர்

"வெளியே அனுப்பும்போது" என்று நண்பர் சரியாகச் சொன்னார். உள்ளே எடுக்கும்போது நம்மிடம் ஒன்றுமே இல்லை. 53 வயதில் வெளியே வந்தவர் அடுத்த கம்பெனியின் வாசலில் நின்றால், "35-க்கு மேல் வேண்டாம்" என்று சொல்ல அவர்களுக்கு எந்தத் தடையும் கிடையாது. பணியாளர் ஓய்வூதியமோ 58-இல். 50-லேயே வாங்கலாம் என்று சிலர் ஆசை காட்டுவார்கள். அப்படி முன்கூட்டி வாங்கினால் ஆண்டுக்கு 4 சதவீதம் வெட்டு, அந்த வெட்டு ஆயுள் முழுக்க நீடிக்கும். அவசரத்தில் அதற்கு விண்ணப்பிக்காதீர்கள்.

தமிழ்நாட்டில் அரசு ஊழியரின் ஓய்வு வயது 2020 மே மாதம் 58-லிருந்து 59 ஆனது, 2021 பிப்ரவரியில் 60 ஆனது. அறுபது வயது வரை ஒருவரால் வேலை செய்ய முடியும் என்று அரசே தன் ஊழியர் விஷயத்தில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் தனியார் கம்பெனி 50 வயதுக்காரரைக் கிழவர் என்கிறது. சட்டம் வர வேண்டியது இந்த இடத்தில்தான்: விளம்பரத்தில் வயது போடாதே, நேர்காணலில் வயதைக் காட்டி நிராகரிக்காதே, பயிற்சியில் வயது பார்க்காதே. சட்டத்தால் நாளைக்கே எல்லாம் மாறிவிடாது. ஆனால் இப்போது முதலாளி எழுத்தில் கூச்சமில்லாமல் போடுகிறதை, அப்போது ஒளித்துச் செய்ய வேண்டிவரும். அது சின்ன மாற்றம் இல்லை.

சேதராப்பட்டு கான்ட்ராக்ட்

நீங்க எல்லாம் பெர்மனென்ட் பத்தி பேசுறீங்க. எங்களை மாதிரி ஆளுங்களுக்கு என்ன? எனக்கு 44. ஒன்பது வருசமா ஒரே கம்பெனில, ஆனா மூணு கான்ட்ராக்டர் மாறிட்டாங்க. போன மாசம் கேட் பாஸ் புதுப்பிக்கும்போது "நாப்பது தாண்டினவங்களுக்கு இல்ல"ன்னு சூப்பர்வைசர் வாயாலயே சொல்றார். ரிசைன் லெட்டர் கூட கேக்கல. பாஸ் இல்ல, அவ்ளோதான்.

பாட்டாளி வீதி

தோழர், உங்கள் நிலைமைதான் இதில் கொடுமை. ஆனாலும் ஒன்றும் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். ஒரு வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் தொடர் சர்வீஸ் கணக்கு வரும். கான்ட்ராக்டர் மாறினாலும் பி.எஃப்.-இன் பொது எண்ணான யூ.ஏ.என்.-உம் இ.எஸ்.ஐ. எண்ணும் உங்கள் பெயரில் தொடர்கின்றன. யூ.ஏ.என். பாஸ்புக்கை இறக்கி வையுங்கள், எந்த மாதம் எந்தக் கான்ட்ராக்டர் கட்டினார் என்பது அதில் வரிசையாக இருக்கும். பழைய கேட் பாஸ், ஷிப்ட் சார்ட் போட்டோ, சம்பளம் வந்த வங்கிக் கணக்கு, எதையும் தூக்கிப் போடாதீர்கள். ஆட்களை வருடக்கணக்காகத் தற்காலிகமாகவே வைத்து நிரந்தர உரிமையை மறுப்பது நியாயமற்ற தொழில் நடவடிக்கை என்று சட்டத்தின் அட்டவணையிலேயே எழுதியிருக்கிறது. வேலைக்கு வந்து நின்றேன், உள்ளே விடவில்லை என்று கான்ட்ராக்டருக்கும் கம்பெனிக்கும் தனித்தனியாக இன்றைக்கே ஸ்பீட் போஸ்ட் அனுப்புங்கள். தனியாக வேண்டாம். உங்களோடு பாஸ் மறுக்கப்பட்டவர்கள் எத்தனை பேரோ அத்தனை பேரும் அனுப்புங்கள்.

அரியாங்குப்பம் ஷிப்ட்

தங்கச்சி, இன்னொண்ணு விசாரிங்க. அப்பாவுக்கு பதவி பேர் "சீனியர் சூப்பர்வைசர்" மாதிரி ஏதாவது குடுத்திருக்காங்களா? எங்க கம்பெனில அம்பது தாண்டினதும் பேரை மாத்திட்டு, நீ தொழிலாளியே இல்லன்னு வக்கீல் வச்சு பேசினாங்க.

கெடிலக்கரை

ஆமாம் அண்ணா, இரண்டு வருடம் முன்பு "டீம் லீடர்" என்று ஐ.டி. கார்டில் மாற்றினார்கள். சம்பளம் ஏறவில்லை. வேலை அதே ஸ்பேனர் வேலைதான்.

ஓய்வுபெற்ற எழுத்தர்

அரியாங்குப்பத்துத் தம்பி நல்ல இடத்தைத் தொட்டார். மேற்பார்வை வேலையில் 18,000-க்கு மேல் சம்பளம் வாங்குபவர் புதிய தொகுப்பில் தொழிலாளி என்ற வரையறைக்கு வெளியே போய்விடுவார். ஆனால் அட்டையில் எழுதிய பெயர் தீர்மானிப்பதில்லை. பெரும்பகுதி நேரம் அவர் என்ன வேலை செய்கிறார் என்பதுதான் கேள்வி. 1994-இல் மைனி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லியிருக்கிறது. லீவு அனுமதிக்கும் அதிகாரம் உண்டா? மெமோ கொடுக்க முடியுமா? இல்லையென்றால் டீம் லீடர் என்பது வெறும் பெயர். அப்பா கையெழுத்துப் போட்ட பிரேக்டவுன் ரிப்போர்ட், வேலை அட்டை இவற்றின் போட்டோ இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்ட ஐந்து பேருக்கும் ஒரு செய்தி சொல்லுங்கள். கடிதத்தில் எந்தத் தேதியிலிருந்து விலகல் என்று இருக்கிறது? மாதக் கடைசி என்று போட்டிருந்தால் அந்தத் தேதி வரும்வரை ராஜினாமாவைத் திரும்பப் பெறலாம் என்பது உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் ஏற்றுக்கொண்ட நிலை. இன்றே எழுத வேண்டும். "அச்சுறுத்தி வாங்கிய கையெழுத்து, என் விருப்பத்தில் போட்டதல்ல, திரும்பப் பெறுகிறேன், தொடர்ந்து வேலைக்கு வருகிறேன்" என்ற நான்கு விஷயம் இருந்தால் போதும். தாமதமாக ஆக, தானாக விரும்பி விலகினார் என்ற பேச்சு வலுவாகும். செட்டில்மெண்ட் பணத்தை வாங்கிக்கொண்டு பல மாதம் கழித்து வந்து அழுதவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் சொன்னதெல்லாம் உண்மை, கோப்பில் இருந்தது வேறு.

கெடிலக்கரை

எல்லோருக்கும் நன்றி. திங்கட்கிழமை அப்பா கையெழுத்துப் போடவில்லை. பாட்டாளி வீதி அண்ணா சொன்னபடி, கையெழுத்துப் போடாத மூன்று பேரும் சேர்ந்தே உள்ளே போனார்கள். "எங்களுக்கு ராஜினாமா செய்யும் எண்ணம் இல்லை, வேலையில் தொடர விரும்புகிறோம், புது மெஷினில் பயிற்சி கேட்கிறோம்" என்று எழுதிக் கொடுத்து நகலில் சீல் கேட்டார்கள். சீல் போட மறுத்தார்கள். அன்று மாலையே ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பிவிட்டோம். கையெழுத்துப் போட்ட ஐந்து பேரில் மூன்று பேரின் கடிதத்தில் மாதக் கடைசித் தேதிதான் இருந்தது. இரண்டு பேர் திரும்பப் பெறும் கடிதம் அனுப்பிவிட்டார்கள். மூன்றாமவர் மகள் கல்யாணத்துக்குப் பணம் வேண்டும், என்னால் முடியாது என்று சொல்லிவிட்டார். அவரை யாரும் வற்புறுத்தவில்லை.

புதுச்சேரி தொழிலாளர் துறையில் மனு கொடுத்தாகிவிட்டது. இன்று அப்பா வழக்கம்போல ஷிப்டுக்குப் போனார். பழைய லைனிலிருந்து ஸ்டோருக்கு மாற்றியிருக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற எழுத்தர்

போகட்டும், மறுக்க வேண்டாம். "எதிர்ப்பைப் பதிவு செய்து மாறுதலை ஏற்கிறேன்" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டு ஸ்டோரில் உட்காரட்டும். பழிவாங்கும் மாறுதல் என்பதும் சமரச அலுவலர் முன் சொல்ல வேண்டிய விஷயமே. மெமோ வந்தால் எத்தனை அற்பமாக இருந்தாலும் கெடுவுக்குள் பதில் எழுத வேண்டும். வக்கீல் செலவுக்குப் பயப்படாதீர்கள். தொழிலாளி என்ற தகுதியிலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்கலாம், வருமானம் பார்க்க மாட்டார்கள். 15100 என்ற எண்ணில் கேட்டால் வழி சொல்வார்கள்.

திருப்பாதிரிப்புலியூர் அக்கா

இதை எல்லாம் படித்துவிட்டுத் தயங்கித் தயங்கி எழுதுகிறேன். நான் ஃபேக்டரி இல்லை, இங்கே ஒரு பெரிய துணிக்கடையில் சேல்ஸ். 47 வயது, 11 வருடம். புடவை செக்‌ஷனில் நின்றுகொண்டிருந்தேன். முன்னால நிக்க வயசாயிடுச்சு என்று குடோனுக்கு அனுப்பினார்கள். இப்போது அடுத்த மாதத்திலிருந்து வர வேண்டாம் என்று வாயால் சொல்லியிருக்கிறார்கள். அப்பாயின்ட்மெண்ட் ஆர்டர் எதுவும் கிடையாது. எனக்கெல்லாம் சட்டம் இருக்கிறதா?

ஓய்வுபெற்ற எழுத்தர்

இருக்கிறது அம்மா. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947. அதன் 41-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரைத் தகுந்த காரணம் இல்லாமலும் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்குரிய சம்பளம் இல்லாமலும் நீக்கக்கூடாது. இங்கே "தகுந்த காரணம்" என்று சட்டமே கேட்கிறது. முன்னால் நிற்க வயதாகிவிட்டது என்பது தகுந்த காரணமா என்று முதலாளிதான் விளக்க வேண்டும். நீக்கினால் தொழிலாளர் துறையின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாளுக்குள் போய்விட வேண்டும், அதைத் தவற விடாதீர்கள். வேலை கடலூரில் என்பதால் உங்களுக்குக் கடலூர் அலுவலகத்திலேயே வழி கேட்கலாம்.

ஆர்டர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சம்பளம் வங்கியில் வந்ததா? பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தார்களா? கடை அடையாள அட்டை, யூனிஃபார்மோடு எடுத்த படம், வேலை சம்பந்தமான வாட்ஸ்அப் செய்தி எல்லாமே சாட்சி. அடுத்த மாதம் முதல் தேதி வழக்கம்போல வேலைக்குப் போங்கள். உள்ளே விடவில்லை என்றால் அன்றே கடிதம் எழுதி அனுப்புங்கள். 11 வருடத்துக்குக் கிராஜுவிட்டியும் தனியாக உண்டு. இன்னொன்று, 2021 திருத்தத்துக்குப் பிறகு கடையில் நின்று வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை வைப்பது தமிழ்நாட்டில் கட்டாயம். முன்னால் நிற்க வயதாகிவிட்டது என்று சொல்லும் கடையில் ஸ்டூல் இருந்ததா என்று உங்கள் மனுவில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

திருப்பாதிரிப்புலியூர் அக்கா

ஸ்டூல் ஒன்றுகூட இல்லை ஐயா. சம்பளம் வங்கியில்தான் வருகிறது, பாஸ்புக் இருக்கிறது. கூட வேலை செய்த இரண்டு பேருக்கும் இதே பேச்சு நடந்திருக்கிறது, அவர்களிடம் இந்த இழையை அனுப்புகிறேன்.

கெடிலக்கரை

அக்கா, நாங்கள் மஞ்சக்குப்பத்தில்தான். கடிதம் எழுத, டைப் செய்ய உதவி வேண்டுமென்றால் தனிச்செய்தி அனுப்புங்கள். அப்பா கடிதத்தின் மாதிரி என்னிடம் இருக்கிறது. மூன்று பேரும் ஒன்றாகவே வாருங்கள்.